கொடி மாமாவும் என் சர்ஜ் கோட்டும்

அடுத்தவன் துணியைக் கூச்சநாச்சமில்லாமல் உடுத்திக்கொண்டு பட்டப்பகலில் கடைத்தெருவில் நடந்துபோன மனிதர் கன்னியாகுமரி முதல் காசி வரை ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருவனந்தபுரத்தில், கரமனை அக்கிரகாரத்தில் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் கொடி மாமா. துணி காயப்போடுவோமே, அந்தக் கொடி.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கோபமே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் பேரன் ரேடியோவைத் திருகி உடைத்தால்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த மனிதரையும் அந்த ஊர் மழையையும் நினைத்தால் மட்டும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. டாக்டர் மன்னிக்க வேண்டும்.

மழையைத் திட்டினால் வாய் வெந்துபோகும் என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர்கள். அங்கே மழை ஊர்ப் பெரிய மனுஷன் மாதிரி. வருகிறேன் என்று சொல்லி அனுப்பும், வராது. நாலு துளி விழுந்தால் கற்பூரம் ஏற்றுவோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் செங்கோட்டை தாண்டி மலைக் குகைக்குள் ரயில் நுழைந்தபோது கடைசியாக வெயிலைப் பார்த்தேன். குகைக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஊர் திரும்பும் வரைக்கும் அது மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. வைகாசி பாதியில் பிடிக்கிற இந்த மழைக்கு இடவப்பாதி என்று செல்லப் பெயர் வேறு வைத்து, பிள்ளை வீட்டுச் சம்பந்தி வருகிற மாதிரி எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

நான் போனது வேடிக்கை பார்க்க இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி திருநெல்வேலியில் கிளை திறக்கப்போகிறது, அதற்கு ஒரு குமாஸ்தா வேண்டும், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருவனந்தபுரம் ஆபீசில் துரை முன்னால் ஆஜராக வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. கோட்டு அணிந்து வராதவர்களைத் துரை பார்க்க மாட்டார் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். பி.ஏ. பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். தண்டச்சோறு என்று வாய்விட்டுச் சொன்னவர் அப்பா ஒருவர்தான். மற்றவர்கள் ரசம் ஊற்றுகிற விதத்திலேயே சொல்லிவிட்டார்கள். இந்த வேலையும் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது வருஷம் அந்த ரசத்தைக் குடிக்க எனக்குத் தெம்பில்லை.

கோட்டுக்கு எங்கே போவது? அத்திம்பேரிடம் ஒரு கறுப்பு சர்ஜ் கோட்டு இருந்தது. நல்ல கம்பளித் துணி, அக்கா கல்யாணத்துக்குத் தைத்தது. கைக்குழந்தையை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

“வேலை வந்தாலும் வராட்டாலும் இந்தக் கோட்டு நன்னாத் திரும்பி வரணும்” என்றார்.

திங்கட்கிழமை தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினேன். கையில் குடை இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் குடை வெயிலுக்கு. இந்த மழையில் அது சல்லடை. ஒரு வண்டி பிடித்துக் கரமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. டிரங்குப் பெட்டிக்குள் இருந்த கோட்டு மட்டும் தப்பித்தது. ஊர்க்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்த சாப்பாட்டு மெஸ் அது. ஒரு மாமி சமைத்துப் போடுவாள். மாடியில் ஐந்தாறு ஆபீஸ்காரர்கள் தங்கியிருந்தார்கள். வாசலில் மாமியின் புருஷர் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த குடுமி. கழுத்தில் இறுக்கும் கோடு போட்ட சட்டை, அதற்கு மேல் தொளதொளவென்று இன்னொரு சட்டை, தோளில் இரண்டு துண்டு, இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வேஷ்டி. நாலு பேர் துணிக்குள் ஒரே ஒரு ஆள்.

“கோவில்பட்டியா? வாரும். சட்டையை அவுத்துக் குடும்” என்றார்.

“எதுக்கு மாமா?”

“நனைஞ்சிருக்கே ஓய். ஒலர்த்தணும்.”

என்ன உபசாரம் என்று மனம் குளிர்ந்து கழற்றிக் கொடுத்தேன். அவர் மேல் சட்டையைக் கழற்றினார், கக்கத்தைத் தடவிப் பார்த்தார், “இது ஆயாச்சு” என்று ஆணியில் மாட்டினார். பிறகு தண்ணீர் சொட்டுகிற என் சட்டையை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார்.

“ஒரு மணிக்கூர்ல ரெடி. அது சரி, உம்ம பேரென்ன?” என்றார்.

சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு பெயரைக் கேட்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயரைச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அங்கே தங்கியிருந்த தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர்தான் விவரம் சொன்னார். இந்த மழையில் கொடியில் போட்ட துணி நாலு நாள் ஆனாலும் காயாது, பூசணம்தான் பூக்கும். முன்பெல்லாம் அடுக்களையில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒரு நாள் யாரோ ஒருவருடைய வேஷ்டி நழுவிப் புளிக்குழம்பில் விழுந்தது. மாமி அன்றே கயிற்றை அறுத்து எறிந்துவிட்டாள். “அன்னியிலேர்ந்து மனுஷர் தானே கொடியாயிட்டார். உடுத்தியே ஒலர்த்திடுவார். நீர் ஒண்ணும் சொல்லாதேயும், வருத்தப்படுவார்” என்றார் தபாலாபீஸ்காரர்.

வருத்தப்படுவாராம். என் சட்டைக்காக யார் வருத்தப்படுவது? சாயங்காலம் அது திரும்பி வந்தது. உலர்ந்துதான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மூக்குப்பொடி வாசனை. பையில் அரை வெற்றிலை. கேட்டால் கொடி மாமா ஒரு பெரிய சாஸ்திரமே சொன்னார்.

“அடுப்புச் சூடு துணியைக் கெடுக்கும். வெயில் சாயத்தைக் கெடுக்கும். ஒடம்புச் சூடு ஒண்ணையும் கெடுக்காது, கேட்டீரா. பகவான் குடுத்த கணப்பாக்கும் இது. சும்மா எரிஞ்சுண்டிருக்கு. நாலு பேருக்கு உபயோகப்படட்டுமே.”

இதில் மாமியின் மடி ஆசாரம் வேறு. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தால் அது மடி, அடுக்களைக்குள் வரலாம். காய்ந்த துணி ஊரார் துணி என்றால் விழுப்பு, அடுக்களைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. கொடி மாமா காலையில் குளித்து, யாருடைய வேஷ்டியையாவது நனைத்துக் கட்டிக்கொண்டு, ஜம்மென்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து காபி குடிப்பார். வேஷ்டி உலர உலர மாமியின் முகம் மாறும். “காஞ்சுடுத்து, எழுந்திருங்கோ” என்பாள். அவர் தம்ளரோடு ரேழிக்கு நகர்வார். ஈரமாக இருக்கிற வரைக்கும் புருஷன், காய்ந்தால் அந்நியன். இப்படி ஒரு குடித்தனத்தை நான் எங்கும் கண்டதில்லை.

அவர் வீட்டில் உட்கார்ந்து உலர்த்தினாலாவது பரவாயில்லை. நடந்தால்தான் உடம்பு சூடேறும் என்று, ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு, பழவங்காடிப் பிள்ளையார் என்று ஒரு சுற்றுப் போய்வருவார். செவ்வாய்க்கிழமை தபாலாபீஸ்காரர் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினார். அவருடைய மேலதிகாரி ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்: பழுப்புக் கட்டம் போட்ட அந்தச் சட்டை, ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, மழையில் சாவதானமாக நடந்துபோகிறது. சாயங்காலம் ஆள் மேல் ஆள் வந்து விளக்கம் கேட்டுப் போனான். தபாலாபீஸ்காரர் அழாத குறை.

“சாரமில்லை” என்றார் கொடி மாமா. “சட்டை ஒலர்ந்துதா இல்லையா?”

இந்தச் சாரமில்லை என்கிற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனால் போகிறது என்று அர்த்தம். அந்த ஊரில் எதற்கும் இதுதான் பதில். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிவிட்டதா? சாரமில்லை. செருப்பில் காளான் முளைத்திருக்கிறதா? சாரமில்லை. என் அறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய்ச் சாத்தவே முடியவில்லை என்று புகார் சொன்னேன். “சாத்த முடியறதில்லையா? சாரமில்லை. மார்கழியில சாத்திக்கலாம்” என்றார் அந்த மனிதர்.

மூன்று நாள் கோட்டை வெளியே எடுக்காமல் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். புதன்கிழமை சாயங்காலம், மறுநாள் வேண்டுமே, மடிப்புப் போகட்டும் என்று ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் இத்தனை நாளும் ஒழுகாத ஓட்டில் ஓர் ஒழுக்கு ஏற்பட்டு, அறையில் வேறு இடமே இல்லாத மாதிரி நேரே கோட்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. உள்பையில் இருந்த கம்பெனிக் கடிதம் அப்பளமாவு மாதிரி இருந்தது. ஐயோ என்று கத்தினேன்.

சத்தம் கேட்டுக் கொடி மாமா மேலே வந்தார். கோட்டைப் பார்த்ததும் அந்த மனிதர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“சர்ஜா? நான் இதுவரைக்கும் சர்ஜ் ஒலர்த்தினதில்லை” என்றார்.

“மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அதைத் தொடாதீங்கோ. நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு வாழ்வோ சாவோ. கோட்டு இல்லாட்டா துரை உள்ளே விடமாட்டான். இது எங்க அத்திம்பேர் கோட்டு. இதைப் போட்டுண்டு நீங்கோ பழவங்காடிக்கெல்லாம் போகக்கூடாது.”

“சாரமில்லை” என்று கீழே போய்விட்டார்.

நானே இஸ்திரி போடலாம் என்று மாமியிடம் பெட்டி வாங்கினேன். கரி நமுத்துப் போயிருந்தது. தீக்குச்சி உரசினால் மருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு பெட்டி முழுக்க உரசி, ஒரு பொறி வரவில்லை. தண்ணீரைப் பிழிந்து, கோட்டை நாற்காலியில் மாட்டி, விசிறியால் விசிறிக்கொண்டே தூங்கிப்போனேன். கதவுதான் மார்கழியில் சாத்தப்போகிற கதவாயிற்றே.

காலையில் எழுந்தால் நாற்காலிதான் இருந்தது.

கீழே ஓடினேன். மாமி விளக்கேற்றி உட்கார்ந்திருந்தாள். காலையில் சகஸ்ரநாமம் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள். வீடே பற்றி எரிந்தாலும் கைஜாடைதான். “மாமா எங்கே? என் கோட்டு எங்கே?” என்றேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கையால் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். அதாவது கோட்டைப் போட்டுக்கொண்டு. பிறகு வாசலைக் காட்டினாள். அதாவது போய்விட்டார். பிறகு உள்ளங்கையைக் காட்டி, இரு, இன்னும் இருக்கிறது என்று நிறுத்தினாள். ஆயிரம் நாமத்தில் அவள் நூற்றுச் சொச்சத்தில் இருந்தாள். எனக்கு ஏது பொறுமை? பாதி ஜாடையிலேயே தெருவில் இறங்கிவிட்டேன்.

என்ன மழை அது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அதன் அடுப்பு வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“சாமி வந்நு. ஒரு மணிக்கூர் இவிடெ நிந்நு. போயி.”

அரைமணி அடுப்புக்கு முன்பக்கத்தைக் காட்டி, அரைமணி முதுகைக் காட்டி, ரொட்டி மாதிரி திருப்பிப்போட்டுக்கொண்டு நின்றாராம். எங்கே போனார் என்றால் மேற்கே கையைக் காட்டினான். பழவங்காடிக்கு ஓடினேன். தேங்காய்க்கடைக்காரி, “கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டா? வந்தாரே. ஒரு தேங்காய் வாங்கி விடலை போட்டு உடைச்சாரு. போயிட்டாரு” என்றாள். கோட்டைக்குப் பக்கத்தில் மேத்தன் மணி என்கிற பெரிய கடிகாரம் பத்து அடித்தது. பிள்ளையார் முன்னால் நின்று, கொடி மாமாவையும் அவர் வம்சத்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். சந்நிதியில் அப்படிப் பேசியது பாவம்தான். பிள்ளையாருக்கும் என் நியாயம் தெரிந்திருக்கும்.

இன்னும் எந்தத் தெருவில் தேடுவது? கோட்டு இல்லாவிட்டாலும் போய்க் காலில் விழுவோம், இரண்டு நாள் தவணை கேட்போம் என்று கம்பெனியைப் பார்த்து நடந்தேன். குறுக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி அடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

ஆபீஸ் வராந்தாவில் நீளமாக பெஞ்சு போட்டு உத்தியோகத்துக்கு வந்த பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் தெப்பமாக நனைந்து, கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, குளத்தில் முங்கி எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பெஞ்சின் கோடியில் நரைத்த குடுமியும் கறுப்பு சர்ஜ் கோட்டுமாக, முதுகு வளையாமல், பக்கத்தில் ஓலைக்குடையைச் சாய்த்துவிட்டு, முழங்காலில் கை வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற நாஞ்சில்நாட்டுப் பியூன் கையிலிருந்த லிஸ்டைக் காட்டி முந்திக்கொண்டான்.

“வே, இந்தப் பேரு உமக்குள்ளதா? ரெண்டு தடவை விளிச்சாச்சு. ரெண்டு தடவையும் இவரு எந்திரிச்சு நின்னு ‘இருக்கேன்’ங்காரு. வயிறு செரியில்ல, அடுத்த ஆளை விடுங்காரு. லிஸ்டுல இருபத்துமூணு வயசுன்னு கெடக்கு. நான் துரைகிட்ட என்னத்தப் பறைய?”

“ஏன் ஓய் இவ்வளவு நாழி?” என்றார் கொடி மாமா என்னிடம். “இங்க வந்து வாங்கிக்கச் சொல்லுன்னு மாமிகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். கோட்டை உம்மகிட்ட குடுத்தா நீர் போட்டுண்டு உம்ம ஓட்டைக் குடையோட மழையில நடந்து வருவீர். பின்னே ஒலர்த்தி என்ன பிரயோஜனம்?”

“கடுதாசி?” என்றேன்.

நெஞ்சுக்குள் கையை விட்டு எடுத்தார். அப்பளமாவாக இருந்த கடிதம் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. சந்தனம் மாதிரி மார்பில் ஒட்டி வைத்து உலர்த்தியிருக்கிறார். தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், என் சட்டையை உரித்தார், வேஷ்டியை உருவினார். அவர் மேலிருந்த தபாலாபீஸ்காரருடைய கட்டம் போட்ட சட்டை என் மேல் வந்தது. அவர் இடுப்பில் இருந்த வேஷ்டி என் இடுப்புக்கு வந்தது. கடைசியில் கோட்டு. அதற்குள் கையை நுழைத்தபோது, காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, கணகணவென்று ஒரு சூடு முதுகில் ஏறிற்று. என் நனைந்த துணியை அவர் எடுத்துக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் தடவை பெயர் கூப்பிட்டார்கள். போனேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்றைக்கு வந்தவர்களில் நீ ஒருவன்தான் நனையாமல் வந்திருக்கிறாய். எப்படி?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெளியில் ஒருவர் நனைந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருஷத்து ரசம் என் தொண்டையை அடைத்தது. “முன்யோசனையாக ஏற்பாடு செய்துகொண்டேன், சார்” என்றேன். அந்த முன்யோசனைக்காகவே வேலை கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்து ரிடையர் ஆனேன். யோசித்தது யார் என்று அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

வெளியே வந்தபோது கொடி மாமா இல்லை. சட்டை ரொம்ப ஈரமாக இருக்கிறது, நடந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் மத்தியானம் எனக்கு ரயில். பெட்டியைக் கட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். ரேழியில் கொடி மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நல்ல காய்ச்சல். தலைமாட்டில் என் சட்டையும் வேஷ்டியும் உலர்ந்து, மடித்து வைத்திருந்தது. அந்த ஐந்து நாளில் அன்றைக்குத்தான் அவர் உடம்பில் ஊரார் துணி ஒன்றும் இல்லை. ஆணியில் ஒரு பழைய நாலு முழ வேஷ்டி ஈரம் போகாமல் தொங்கியது.

“அது யாரோடது மாமி?” என்றேன்.

“அவரோடதுதான். வேர்த்துக் கொட்டறது, மாத்தணும். மாத்த ஒண்ணு இல்லை. ஊர்த் துணியெல்லாம் ஒலர்ந்திருக்கு, இவர் வேஷ்டி மூணு நாளாத் தொங்கறது” என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன்.

எனக்கு வந்ததே கோபம். “ஏன் மாமா, உங்க துணியை யார்தான் ஒலர்த்துவா?” என்று கத்தினேன்.

“எனக்கென்னத்துக்கு ஓய்?” என்றார் கம்பளிக்குள்ளிருந்து. “நான் எப்பவும் யார் துணியிலயாவதுதானே இருக்கேன்.”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அந்த ஈர வேஷ்டியை எடுத்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். தபாலாபீஸ்காரர் படியிலேயே நின்றுவிட்டார். யார் பார்த்தால் எனக்கென்ன? தெருக்கோடி வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். பல் கிட்டிக்கொண்டு வந்தது. ரயில் நேரம் வந்தது, போயிற்று.

ஒவ்வொரு தடவையும் வாசலைத் தாண்டும்போது கொடி மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். “பின்பக்கம் இன்னும் ஆகலை. ரொட்டிக்கடைக்குப் போம்” என்றார். போனேன். கடைக்காரன் ஒன்றும் கேட்காமல் அடுப்போரம் இடம் விட்டான். முன்பக்கம் அரைமணி, பின்பக்கம் அரைமணி நின்று, உலர்ந்த வேஷ்டியைக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்றே ஒன்றுதான். ஈரத்துணி உடம்பில் அவ்வளவு குளிரும் என்று அந்த மனிதர் ஒரு நாளும், ஒருவரிடமும், ஒரு வார்த்தை சொன்னதில்லை.